ஒரே தோல் துண்டில் ஒரு மடிப்புப் பை: கையால் தைக்கும் முறை

பித்தானும் ஜிப்பும் உள்துணியும் இல்லாமல், ஒரே தோல் துண்டை இரண்டு இடங்களில் மடித்து, இரு ஓரங்களை மட்டும் தைத்து முடிக்கும் சிறு பை ஒன்றைச் செய்யும் முறை இது. துண்டின் கீழ்ப்பகுதி மேலே மடிந்து முன்பக்கமாகும். நடுப்பகுதி பின்பக்கமாக நிற்கும். எஞ்சிய பகுதி மூடியாக இறங்கி, அதன் நுனியிலுள்ள நாக்கு, முன்பக்கத்தின் குறுக்கே பிடித்த ஒரு பட்டைக்குள் செருகிக்கொள்ளும். ஏடிஎம் அட்டைகள் நான்கைந்து, இரண்டாக மடித்த ரூபாய் நோட்டுகள், ஒரு சாவி ஆகியவை இதில் தாராளமாக அடங்கும். தையல் வேலை ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். ஆனால் மடிப்பு படிந்து காய்வதற்கு அதற்கு முந்தைய இரவு முழுவதும் வேண்டும். அந்த இரவை மிச்சப்படுத்த நினைப்பவர்களின் பை எப்போதும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைகளில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்பட்டது. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். அந்தத் தோல் மென்மையானது, தண்ணீரையும் ஓரளவு தாங்கும், ஆனால் மடித்த இடத்தில் மடிப்பு நிற்காது, விட்டவுடன் நிமிர்ந்துவிடும். நமக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை; அப்படிப் பதனிட்டு ஏற்றுமதியான தோல் கிழக்கிந்தியத் தோல் என்றே உலகச் சந்தையில் பெயர் பெற்றது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களில் இந்த வகைத் தோல் பதனிடப்படுகிறது. சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டுத் தோல் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

கடையில் நின்றபடியே இரண்டு வகைகளையும் பிரித்தறிய முடியும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: பட்டைச் சாற்றில் பதனிட்டது உள்ளேயும் பழுப்பாகவே இருக்கும், குரோமியத் தோலுக்கு மேலே எந்தச் சாயம் ஏற்றியிருந்தாலும், நடுவில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரியும். சாயமும் பூச்சும் ஏறாத தோலாக இருந்தால், விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் அதை உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் மட்டும் கருக்கும். கனம் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. அளக்கக் கருவி இல்லையென்றால், இரண்டு ஏடிஎம் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் கனம் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் என்பதை நினைவில் கொள்ளலாம். ஏ4 தாள் அளவுத் துண்டு ஒன்று போதும்; பை, பட்டை, துளையிட்டுப் பழகத் தனித் துண்டு மூன்றும் அதிலேயே கிடைக்கும். வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும், சுருக்கமும் விழும். முதுகுப் பகுதியில் வெட்டிய துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

கருவிகள் சிலவே. கூர்மையான கட்டர், இரும்பு ஸ்கேல், செருப்புத் தைப்பவர்கள் வைத்திருப்பது போன்ற குத்தூசி, இரண்டு ஊசிகள், 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள பாலியெஸ்டர் நூல், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தேன்மெழுகு, ரப்பர் சொல்யூஷன், உப்புத்தாள், பள்ளிக்கூடக் கிராஃப் தாள் ஆகியவை போதும். ஊசியின் நுனியை உப்புத்தாளில் உரசி மழுக்கிவிட வேண்டும். துளையிடும் வேலை குத்தூசியுடையது, ஊசி நூலைச் சுமந்து செல்ல மட்டுமே. கூர்மையான ஊசி தோலையும் குத்தும், ஏற்கெனவே போட்ட நூலையும் பிளக்கும்.

தோலைத் தொடுவதற்கு முன் அட்டையில் முழுப் பையையும் ஒருமுறை வெட்டி மடித்துப் பார்த்துவிடுங்கள். அகலம் 11 சென்டிமீட்டர், நீளம் 23. கீழிருந்து 8 சென்டிமீட்டரில் முதல் மடிப்புக் கோடு, அங்கிருந்து 8.5 சென்டிமீட்டரில் இரண்டாம் கோடு, மீதமுள்ள 6.5 மூடி. பின்பக்கம் முன்பக்கத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு: உள்ளே பொருள் இருக்கும்போது மூடி அதன் மேலே வளைந்து வர இடம் வேண்டும். மூடியின் கடைசி 4 சென்டிமீட்டரை இருபுறமும் வளைவாகக் குறைத்துக்கொண்டு வந்து, 3 சென்டிமீட்டர் அகலமுள்ள நாக்காக முடியுங்கள். பட்டை 1.2 சென்டிமீட்டர் அகலமும் 11.2 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது; அந்தக் கூடுதல் 2 மில்லிமீட்டர்தான் நாக்கு நுழைவதற்கான தளர்வு. அட்டையைத் தோலின் மேல் வைத்துப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு வெட்டும்போது, ஒரே அழுத்தில் அறுக்க முயலாமல், ஸ்கேலை அசைக்காமல் அதே கோட்டில் மூன்று முறை கத்தியை இழுப்பது ஓரத்தைச் சுத்தமாக வைக்கும்.

இனி மடிப்பு, இந்தப் பையின் உயிர் இதில்தான் இருக்கிறது. சதைப்புறத்தில், அதாவது சொரசொரப்பான உட்புறத்தில், இரண்டு மடிப்புக் கோடுகளிலும் ஈரப் பஞ்சால் ஒரு விரல் அகலத்துக்கு ஒற்றுங்கள். தண்ணீர் வழியக் கூடாது. தோல் சற்றே கருத்துத் தொட்டால் குளிர்ந்திருந்தால் போதும். பின்னர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை மர ஸ்கேல் ஓரமாக நான்கைந்து முறை அழுத்தி இழுத்தால், கோட்டில் ஒரு வாய்க்கால் போலப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை உள்ளே வைத்து, மேற்புறம் வெளியே தெரியும்படி மெதுவாக மடியுங்கள். உலர்ந்த தோலை வலிந்து மடித்தால் மேற்புறம் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கும். ஈரத்தில் மடித்ததோ வில் போல் சீராக வளையும். மடித்ததை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கிவிட்டு, மறுநாள் காலை எடுக்கலாம்.

ஈரமாக இருக்கும்போது இரும்புச் சாமான் எதுவும் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டைச் சாற்றின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஊறிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டுக் கறுப்பாவதும் இதே வினையால்தான். அங்கே அது அழகு, இங்கே அழிக்கக் கடினமான தழும்பு. என்னுடைய இரண்டாவது பையில் இரும்பு ஸ்கேலை இரவு முழுவதும் மடிப்பின் மேல் வைத்துவிட்டு, காலையில் அதன் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோட்டைக் கண்டேன். அன்று முதல் ஈர வேலைக்கு மர ஸ்கேலைத்தான் எடுக்கிறேன்.

ஒட்டுவதற்கு முன், பிறகு கை எட்டாத ஓரங்களை இப்போதே முடித்துவிட வேண்டும். பையின் வாய், பட்டையின் நீள ஓரங்கள், மூடியின் ஓரம் ஆகியவற்றின் கூர்முனையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, ஈர விரலால் தடவி, வழவழப்பான மரக்குச்சியால் முன்னும் பின்னும் வேகமாகத் தேயுங்கள். பத்துப் பதினைந்து முறை தேய்த்ததும் பிசிறுகள் படிந்து, ஓரம் கண்ணாடி போல் மினுமினுக்கத் தொடங்கும்.

அதன்பின், முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் அதற்கு நேரான பின்பக்க ஓரங்களிலும் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ரப்பர் சொல்யூஷனைத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை சுமார் பத்து நிமிடம் காத்திருந்து, ஓரம் ஓரத்தோடு பொருந்த அழுத்துங்கள். பட்டையை அடி மடிப்பிலிருந்து 3.8 சென்டிமீட்டர் உயரத்தில் அதன் கீழ் ஓரம் வரும்படி வைக்க வேண்டும். அது முன்பக்கத்தின் வழவழப்பான மேற்புறத்தில் ஒட்ட வேண்டியிருப்பதால், பட்டையின் இரு முனைகள் படும் இடங்களை மட்டும் உப்புத்தாளால் சுரண்டிய பிறகே பசை தடவுங்கள். ஒட்டும்போது பட்டைக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகி வைத்தால் தளர்வு தானாக அமையும்.

துளையிடுவதை ஒட்டிய பிறகே செய்ய வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே துளையிட்டுப் பிறகு சேர்த்தால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் ஒரு துளையாவது பிசகி, தைக்கத் தைக்கப் பை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கிராஃப் தாளில் ஒரு கீற்றை வெட்டி, ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே கோடு வரும்படி பையின் மேல் டேப்பால் ஒட்டி, அடி மடிப்பிலிருந்து 4 மில்லிமீட்டர் மேலே தொடங்கி, 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளியிட்டால், ஒரு பக்கத்துக்கு 19 துளைகள் வரும். அவற்றில் மூன்று பட்டையின் அகலத்துக்குள் அதன் ஓரங்களைக் கிழிக்காமல் விழும். அடியில் பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வைத்து, குத்தூசியைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்துங்கள். சாய்த்துக் குத்தினால் முன்னே நேராகவும் பின்னே கோணலாகவும் தையல் தெரியும்.

தையலுக்கு ஒரு பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர் நூல் எடுத்து, தேன்மெழுகின் மேல் மூன்று நான்கு முறை இழுத்து, இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசியைக் கோத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து மூன்றாம் துளையில் நூலை நுழைத்து, இரு பக்கமும் சம நீளமாக விட்டு, முதலில் வாயை நோக்கி மேலே தைத்து, அங்கிருந்து திரும்பிக் கீழே வாருங்கள். கை நுழைந்து அதிகம் இழுபடும் வாய்ப்பகுதிக்கு இதனால் இரட்டைத் தையல் கிடைக்கிறது. ஒவ்வொரு துளையிலும் முன்பக்க ஊசி முதலில் போக வேண்டும். அது இழுத்த நூலைச் சற்றுப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, அதே துளையில் பின்பக்க ஊசியை எதிர்த் திசையில் அனுப்புங்கள். பிறகு இரு கைகளாலும் ஒரே அளவு இழுங்கள். இந்த ஒழுங்கை நடுவில் மாற்றினால் அந்த இடத்தில் தையலின் சாய்வு மாறி, கண்ணில் உறுத்தும். எந்திரத் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் நெகிழத் தொடங்கும்; இந்தத் தையலில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு நூல்கள் எதிரெதிரே செல்வதால், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று பிடித்து நிற்கும்.

அடித் துளையை அடைந்ததும் இரண்டு துளைகள் பின்னோக்கித் தைத்து, நூலை 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியின் நுனியை அதன் அருகே கொண்டுசென்றால் பாலியெஸ்டர் உருகி முத்துப்போல் சுருண்டு நிற்கும். தீக்குச்சியின் சுடர் தோலையும் கருக்கிவிடும் என்பதால் எனக்கு ஊதுபத்திதான் நம்பகமானது. தைத்த ஓரங்களையும் முன்போலவே ஈரம் தொட்டுத் தேய்த்து, கடைசியாகத் தேன்மெழுகைப் பூசித் துணியால் அழுத்தித் துடையுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவும் ஆசை பலருக்கும் வரும். துணியில் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் தோல் துவண்டு, நீங்கள் ஓர் இரவு காத்திருந்து வாங்கிய மடிப்பு தளர்ந்துவிடும். நாக்கு முதல் சில நாள்கள் பட்டைக்குள் இறுக்கமாகத்தான் நுழையும். பட்டையை அறுத்துவிடாமல், நாக்கின் சதைப்புறத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.