ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு: வீட்டில் கவனிக்கும் முறை

ரோட்டா வைரஸ் தொற்றிய குழந்தைக்குப் பெரும்பாலும் முதலில் வருவது வாந்தியும் காய்ச்சலும்தான். வயிற்றுப்போக்கு அதற்குப் பிறகே தொடங்குவதால், முதல் நாளில் ‘சாப்பிட்டது சேரவில்லை’ என்று நினைத்துவிடுவது இயல்பு. கிருமி உள்ளே புகுந்த ஏறத்தாழ 2 நாட்களில் அறிகுறிகள் தெரியும். தண்ணீராகப் போகும் பேதி 3 முதல் 8 நாட்கள் வரை நீடிக்கலாம்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகளின் நுனிச் செல்களை இந்த வைரஸ் அழித்துவிடுகிறது. அதனால் குடித்த நீர் உடலில் சேராமல் வெளியேறுகிறது. ஆயினும், குளுக்கோசும் உப்பும் ஒன்றாகச் சென்றால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி ஓரளவு எஞ்சியிருக்கும். நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்லும். குளுக்கோசும் உப்பும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் பயன்படுவது இதனால்தான். எனவே பொட்டலத்தில் குறித்த அளவு நீரிலேயே அதைக் கரைக்க வேண்டும். நீரைக் குறைத்தால் உப்பு மிகுந்து கேடு விளையும். பழச்சாறும் குளிர்பானமும் இதற்கு ஈடாகா. அவற்றின் சர்க்கரை பேதியைக் கூட்டவும் கூடும்.

ஒவ்வொரு முறை பேதியான பின்பும் ஓ.ஆர்.எஸ். கரைசலை, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுக்கலாம். தாகமெடுத்த குழந்தை தம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடிக்கப் பார்க்கும். இரக்கப்பட்டு விட்டுவிட்டால் குடித்தது முழுவதும் வாந்தியாக வந்துவிடும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு 2 நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தர வேண்டும். 5 மில்லிலிட்டர் கரண்டியானால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லிலிட்டர் உள்ளே போயிருக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இதைவிடப் பயனுள்ள வீட்டு மருத்துவம் வேறில்லை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் பயன் தராது. பேதியை நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குத் தரவே கூடாது. பேதிக்குத் தரப்படும் துத்தநாக (ஜிங்க்) மருந்தின் அளவை மருத்துவர் சொல்வார்.

எத்தனை முறை போனது என்று எண்ணுவதைவிடக் குழந்தையைப் பார்ப்பதே முக்கியம். கண்களும் உச்சிக்குழியும் உள்வாங்குதல், கண்ணீர் வராமல் அழுதல், பல மணி நேரம் சிறுநீர் கழிக்காதிருத்தல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாக மறைதல் ஆகியவை நீரிழப்பின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பேதி நின்ற பின்னும் சில நாட்கள் மலத்தில் கிருமி வெளியேறும். ஆகவே அணையாடை மாற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைத் தொடர வேண்டும். எனினும் தூய்மை மட்டும் இத்தொற்றைத் தடுத்துவிடாது. வாய்வழித் தடுப்பு மருந்தின் முதல் தவணையை 6 வாரம் நிறைந்ததும் காலந்தாழ்த்தாமல் கொடுத்துவிடுவது நல்லது. பிறகும் தொற்று வரலாம், ஆனால் அது கடுமையாகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.