வெள்ளைச் சாலைக்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

இத்தாலியின் டஸ்கனியில் மார்ச் மாதத்தில் நடக்கும் 'ஸ்திராதே பியாங்கே' ஒரே நாளில் முடிந்துவிடும் சைக்கிள் பந்தயம். பெயருக்கு 'வெள்ளைச் சாலைகள்' என்று பொருள். 2025-இல் ஆண்கள் ஓட்டிய 213 கிலோமீட்டரில் 80 கிலோமீட்டருக்கு மேல் சரளைச் சாலை. பந்தயத்துக்கு அடுத்த நாள் பொதுமக்களும் ஓட்டலாம். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் சரளையை எண்ணித்தான் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், சரளையில் விழுகிறவர் அதற்கான தவறைப் பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே செய்துவிட்டிருப்பார்.

சரளைக்குள் பின்வரிசையில் நுழைவதுதான் பெரிய தவறு. மோன்தே சாந்தே மாரியே என்ற சரளைப் பகுதி 11.5 கிலோமீட்டர் நீளம். ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும். முன்னால் போகிறவர்கள் கிளப்பும் புழுதியில் பின்னால் வருபவருக்குப் பள்ளமும் தெரியாது, வளைவும் தெரியாது. ஒருவர் கால் ஊன்றினால் அவருக்குப் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். 2024-இல் ஸ்லோவேனிய வீரர் ததேய் பொகாச்சர் இங்கேதான் தனியே பிரிந்தார். இன்னும் 81 கிலோமீட்டர் இருந்தது. பிறகு யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே, தார் முடிவதற்கு ஓரிரு கிலோமீட்டர் முன்பே முன்வரிசைக்கு வந்துவிடுங்கள்.

சாப்பாடும் அப்படித்தான். சரளையில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க முடியாது. அதிர்வில் தண்ணீர் பாட்டிலே தெறித்து விழுவதுண்டு. பசிக்கும்வரை காத்திருக்காமல் தாரிலேயே தின்று குடித்துவிட வேண்டும்.

டயரைக் கல்போல் இறுக்கிக் காற்றடிப்பது இன்னொரு தவறு. இறுகிய டயர் கல்லுக்குக் கல் துள்ளும், பிடிமானம் போய்விடும். அகலமான டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரில் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் சக்கரம் தரையோடு ஒட்டிப் போகும்.

சாலையை உற்றுப் பாருங்கள்: கார்ச் சக்கரங்கள் ஓடிய இரண்டு தடங்களில் மண் கெட்டிப்பட்டிருக்கும், நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கற்கள் குவிந்திருக்கும். தடத்தை விடாதீர்கள். வளைவுக்குள் போனபின் முன்பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே, சைக்கிள் சாயாமல் நேராக ஓடும்போதே குறைத்துவிட வேண்டும்.

தார் வந்ததும் மூச்சு விட்டு அசந்துவிடுவதும் ஆபத்து. 2025-இல் பொகாச்சர் தார்ச்சாலை இறக்கத்தில்தான் விழுந்து உருண்டார். உடலெல்லாம் சிராய்ப்போடு எழுந்துவந்து வென்றார் என்பது வேறு கதை. எல்லோருக்கும் அது வாய்க்காது.

கடைசிவரை தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். சியேனா நகருக்குள் சாந்தா கத்தரீனா தெரு 16 சதவீதம் வரை செங்குத்தாக ஏறும். ஏறியதும் குறுகிய வளைவுகள், உடனே பந்தயம் முடியும் பியாட்சா தெல் காம்போ சதுக்கம். அங்கே முந்த இடமே கிடையாது. 2022 பெண்கள் பந்தயத்தில் பெல்ஜியத்தின் லோட்டே கோபெக்கி, நெதர்லாந்தின் ஃபான் ஃப்ளூட்டனோடு தோளுக்குத் தோளாக ஏறி, கடைசி வளைவின் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வென்றார்.