ஊருக்குப் போகிறீர்களா? மருத்துவக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள்

கனடாவிலோ லண்டனிலோ குடும்ப வைத்தியர் கணினியைத் திறந்தால் உங்கள் பழைய வருத்தங்கள் எல்லாம் திரையில் வந்துவிடும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி டொக்டருக்கு அந்தத் திரை எட்டாது. அங்கே கிளினிக்குக்குப் போகிறவர்கள் தங்கள் கொப்பியைத் தாங்களே வைத்திருந்து, போகும்போதெல்லாம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். நீங்களும் அப்படி ஒன்றோடு போவதுதான் புத்தி.

முதல் வேலை மருந்துப் பட்டியல். நீங்கள் வழக்கமாக மருந்து எடுக்கும் பாமசியில் கேட்டால் அச்சடித்துத் தருவார்கள். கம்பனி வைத்த பெயர் மட்டும் போதாது. கனடாவில் டைலனோல் என்பது ஊரில் பனடோல். அதையாவது சொல்லிப் புரியவைக்கலாம். பிறஷர், கொலஸ்ட்ரோல் குளிசைகளுக்கு அது சரிவராது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்று மூன்றும் இருக்க வேண்டும். அம்மாமார் கிழமைப் பெட்டியில் குளிசைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். திங்கள் காலை அறையைத் திறந்தால் வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. அதைப் பார்த்து எந்த டொக்டராலும் எதுவும் சொல்ல முடியாது. பெட்டி இருக்கட்டும், பெயர் அச்சிட்ட உறைகளும் கூடவே வரட்டும்.

சீனி வருத்தக்காரர் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் இரத்தச் சீனியை மில்லிமோலில் சொல்வார்கள், ஊரில் மில்லிகிராமில். 18ஆல் பெருக்க வேண்டும். நீங்கள் "எனக்கு 8" என்பது அங்கே 144. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையிலும் இந்தச் சிக்கல் உண்டு: லண்டன் ரிப்போர்ட்டில் 48 என்றிருப்பது ஊரில் 6.5 சதவீதம். ஆகவே வெறும் இலக்கத்தை எழுதாமல் அலகையும் சேர்த்து எழுதுங்கள். திகதியிலும் மாதத்தை எழுத்தில் போடுங்கள். 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று அங்கே யாரும் மண்டையை உடைக்கத் தேவையில்லை.

ஒவ்வாமை இருந்தால் முதல் தாளின் உச்சியில், பெரிய எழுத்தில். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை மயக்கத்தில் கிடக்கும்போது சொல்ல முடியாது. இருதய வருத்தம் உள்ளவர்கள் கடைசியாக எடுத்த ஈசிஜியின் பிரதி ஒன்றைக் கொண்டுபோங்கள். நெஞ்சு நோகிறது என்று போனால், இந்த மாற்றம் புதிதா பழையதா என்று டொக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஸ்டென்ட், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதற்கான அட்டையையும் எடுத்துவையுங்கள். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் குடிப்பவர்கள், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனையின் கடைசி அளவைத் திகதியோடு எழுதுங்கள்.

எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைப்பது நல்லதுதான். ஆனால் பூட்டிய போனை அவசரத்தில் யார் திறப்பது? தாளில் ஒரு பிரதி கைப்பையில், இன்னொன்று தங்கும் வீட்டில். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழைக்கப்போவது அந்த வீட்டார்தானே, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்குக் காட்டிவிடுங்கள்.

அங்கே வார்டில் தங்க நேர்ந்தால், வீட்டுக்கு விடும்போது, என்ன வருத்தம், என்ன வைத்தியம் செய்தார்கள் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட் தருவார்கள். அதை வாங்காமல் வெளிக்கிடாதீர்கள். பெயர் பாஸ்போட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அப்பா பெயர் முன்னுக்கும் உங்கள் பெயர் பின்னுக்குமாக மாறியிருந்தால் காப்புறுதிக்காரன் கேள்வி கேட்பான். தனியார் ஆஸ்பத்திரி என்றால் பில்லின் மூலப்பிரதியும் வேண்டும். திரும்பி வந்ததும் கார்டின் பிரதி ஒன்றைக் குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும்.