பருங்கா விழாவில் கூடாரமிடச் செல்வோர் கவனத்திற்கு

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியத்தில், கேத்தரின் நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பருங்கா என்னும் பூர்வகுடிக் கிராமத்தில், 1985 முதல் ஜூன் மாத நீண்ட வார இறுதியையொட்டி இசை, நடனம், விளையாட்டு ஆகியவற்றுடன் விழா நடைபெற்று வருகிறது. பூர்வகுடியினரின் உரிமைகளைக் கோரிய புகழ்பெற்ற பருங்கா பிரகடனம் 1988இல் பிரதமர் பாப் ஹாக்கிடம் வழங்கப்பட்டதும் இங்கேதான்.

வெப்பமண்டலம்தானே என்று மெல்லிய போர்வையோடு கிளம்பிவிட வேண்டாம். ஜூன் மாதம் அங்கே வறண்ட பருவம் என்பதால், பகலில் வெயில் 30 பாகையை ஒட்டிச் சுட்டாலும், விடியற்காலையில் குளிர் நன்றாகவே உறைக்கும். ஆகவே கதகதப்பான உறக்கப்பையும், தரையின் குளிர் ஏறாதிருக்கக் கனமான விரிப்பும் கூடாரத்தைவிட முக்கியமானவை என்பேன். குடிநீர், உணவுப்பொருள், மருந்து, எரிபொருள் ஆகியவற்றைக் கேத்தரினிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. தலைவிளக்கும் கொசுவிரட்டியும் தேவைப்படும்.

விழாவில் மதுவுக்கு இடமில்லை என்பதால், வண்டியில் ஒரு புட்டிகூட இல்லை என்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். அது மக்கள் வாழும் ஊர் என்பதால், குடியிருப்புகளுக்குள் அழைப்பின்றி நுழையாமலும், எவரையும், குறிப்பாகச் சிறுவர்களையும் சடங்குகளையும், அனுமதி பெறாமல் படமெடுக்காமலும் இருக்க வேண்டும்.