டிவைஸ் ட்ரீ கோப்புகளைப் பராமரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூஎஸ்பி வழியாக இணையும் சாதனம் தான் யார் என்பதைத் தானே கேர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) சொல்லிவிடும். பலகையில் சில்லுகளை இணைக்கும் ஐ2சி, எஸ்பிஐ, யுஆர்ட் இணைப்புகளில் இருக்கும் சில்லுகள் அப்படிச் சொல்வதில்லை. எந்தச் சில்லு, எந்த முகவரியில், எந்த மின்வழங்கியை நம்பி இருக்கிறது என்பதை ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் அதை எழுதும் இடம் டிவைஸ் ட்ரீ கோப்பு. முன்பு ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட பலகை ஒவ்வொன்றுக்கும் சி மொழியில் ஒரு தனிக் கோப்பு கேர்னலுக்குள்ளேயே இருந்தது. அவை கட்டுக்கடங்காமல் பெருகியதை 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்த பிறகே, பவர்பிசி, ஸ்பார்க் கணினிகளில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த இந்த முறை ஏஆர்எம் பக்கம் வேகமாகப் பரவியது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பொறியியலோ கணினியோ படித்துவிட்டு, குளத்து நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் பெட்டி போன்றவற்றைச் செய்ய முனையும் இளையவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று எந்தக் குளக்கட்டில் அப்படியொரு பெட்டியைப் பொருத்தினாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை மூழ்கி ஒருவரும் கிட்டப் போக முடியாத நாட்களில்தான் அதன் தேவை உச்சத்தில் இருக்கும். அந்த நாளில் பெட்டி பேசாமல் போவதற்கு, மாதங்களுக்கு முன்பு டிவைஸ் ட்ரீயில் பிழையாக எழுதிய ஒரே ஒரு வரி போதும்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: வன்பொருளை விவரிக்க வேண்டிய இடத்தில், கையிலுள்ள டிரைவருக்கு (சாதனத்தை இயக்கும் கேர்னல் நிரலுக்கு) எது வசதியோ அதை எழுதுவது. காணி உறுதியில் எல்லைகளும் பரப்பும் எழுதப்படுமே தவிர, வரும் காலபோகத்துக்கு எந்த நெல்லை விதைப்பது என்று எழுதப்படுவதில்லை. டிவைஸ் ட்ரீயும் அப்படித்தான். நீர்மட்டத்தை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது பயனர் நிரல் முடிவு செய்ய வேண்டியது, அதற்கு இந்தக் கோப்பில் இடமில்லை. எஸ்பிஐயில் ஒரு லோரா வானொலிச் சில்லைப் பொருத்தி, அதனுடன் பயனர் நிரலிலிருந்து நேரடியாகப் பேச விரும்புவோர் பலர், சில்லின் பெயரைச் சொல்லும் கம்பாட்டிபிள் வரியில் ‘ஸ்பைடெவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பைடெவ் என்பது டிரைவரின் பெயர். அந்தப் பெயரில் கடையில் வாங்கக்கூடிய சில்லு எதுவும் இல்லை, இன்றைய கேர்னல் அந்த வரியை ஏற்கவும் மறுக்கிறது. சில்லின் உண்மையான பெயரை எழுதிவிட்டு, எந்த டிரைவருடன் அதைச் சேர்ப்பது என்பதைப் பலகை இயங்கத் தொடங்கிய பின் தீர்மானிப்பதே முறை.

கம்பாட்டிபிள் வரியில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் ஒருமுறை வெளியே போன பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. பல பலகைகளில், டிவைஸ் ட்ரீயின் தொகுக்கப்பட்ட வடிவமான டிடிபி கோப்பு, கேர்னலை ஏற்றும் பூட்லோடருடன் சேர்ந்து நிலையான நினைவகத்தில் இருக்கும், கேர்னல் மட்டும் தனியே புதுப்பிக்கப்படும். அதனால்தான், பழைய டிடிபியுடன் புதிய கேர்னலும் இயங்க வேண்டும் என்பது கேர்னல் பராமரிப்பில் உறுதியான விதியாக இருக்கிறது. ‘இந்தப் பண்பின் பெயர் அழகாக இல்லை’ என்று எண்ணி, கோப்பிலும் டிரைவரிலும் ஒரே நேரத்தில் அதை மாற்றிவிட்டால், மேசை மேல் இருக்கும் பலகை நன்றாகவே ஓடும். பழைய டிடிபியை வைத்துக்கொண்டு குளக்கட்டில் நிற்கும் பெட்டியோ, அடுத்த கேர்னல் புதுப்பிப்புடன் அந்த உணரியை இழந்துவிடும். புதுப் பெயர் உண்மையிலேயே தேவை என்றால், பழைய பெயரையும் டிரைவர் தொடர்ந்து புரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்களை அடுக்கும் வரிசையிலும் தவறு நேர்கிறது. முதலில் உங்கள் சில்லின் மிகக் குறிப்பான பெயர், அதன் பின்னர் அது ஒத்துப்போகும் பழைய சில்லின் பெயர் என்பதே ஒழுங்கு. இப்போதைக்குப் பழைய சில்லின் டிரைவரே போதும் என்று பழைய பெயரை மட்டும் எழுதுவோர், பின்னர் புதிய சில்லில் மட்டும் ஒரு குறைபாடு கண்டுபிடிக்கப்படும்போது இரண்டையும் பிரித்தறிய வழியில்லாமல் நிற்பார்கள். ஒரு சில்லுக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தட்டும் என்று சில்லின் எண்ணில் ஓர் இலக்கத்தை ‘எக்ஸ்’ என்று மறைத்து எழுதுவதும் இதே காரணத்தால் நிராகரிக்கப்படும். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தில் எப்படிப்பட்ட சில்லு வரும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பலகையை விற்றவர் தந்த கேர்னலிலிருந்து கோப்பை அப்படியே எடுத்து வருவது நம் பக்கத்தில் மிகவும் பரவிய பழக்கம். அதில் ஆவணப்படுத்தப்படாத பண்புகள் நிறைந்திருக்கும். மெயின்லைன் எனப்படும் அதிகாரபூர்வப் பொதுக் கேர்னலில் அவற்றை வாசிக்கும் டிரைவர் இருக்காது. தெரியாத பண்பைக் கண்டால் கேர்னல் முறைப்பாடு செய்வதில்லை, பேசாமல் கடந்துவிடும். ஆகவே எழுதியவருக்கு அது வேலை செய்வதாகவே தோன்றும். எடுத்து வருவதாக இருந்தால், ஒவ்வொரு வரியையும், எந்தச் சாதனத்துக்கு எந்தப் பண்புகளை எழுதலாம் என்று வரையறுக்கும் பைண்டிங் ஆவணத்துடன் ஒப்பிட்டு, ஆதாரம் இல்லாததை நீக்கிவிடுங்கள். பலகைக்கான மாற்றத்தைச் சில்லின் பொதுக் கோப்பான டிடிஎஸ்ஐயில் செய்யவும் வேண்டாம். பொதுக் கோப்பில் ‘டிசேபிள்ட்’ என்று இருக்கும் பகுதியை, உங்கள் பலகையின் டிடிஎஸ் கோப்பில் அதன் அடையாளப் பெயரைச் சுட்டி ‘ஓகே’ ஆக்கினால் போதும். டிடிஎஸ்ஐயிலேயே கை வைத்தால், அந்தச் சில்லைப் பயன்படுத்தும் மற்றப் பலகைகள் எல்லாவற்றிலும், வெளியே கம்பியே இல்லாத ஒரு இணைப்பு விழித்துக்கொள்ளும்.

எண்களில் நேரும் பிழைகள் சிறியவை, ஆனால் தேடி எடுப்பது கடினம். ஐ2சி முகவரி வழக்கமாக 7 பிட் கொண்டது. தரவுத்தாள்கள் சிலவற்றில் வாசிப்பு, எழுத்து பிட்டையும் சேர்த்து 8 பிட்டாக அச்சிட்டிருப்பார்கள். டிஎஸ்3231 கடிகாரச் சில்லுக்கு 8 பிட் வடிவில் பதினறும எண்ணாக ‘டி0’ என்று இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதினால், அது 7 பிட்டுக்குள் அடங்காது என்று டிவைஸ் ட்ரீயைத் தொகுக்கும் டிடிசி நிரலே எச்சரிக்கும். எழுத வேண்டியது பதினறும 68. பிசிஎஃப்8574 சில்லில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் 7 பிட் முகவரி பதினறும 20இல் தொடங்குகிறது, 8 பிட்டாக எழுதினால் 40 ஆகிவிடும். 40உம் 7 பிட்டுக்குள் அடங்குவதால் எந்த எச்சரிக்கையும் வராது, சில்லு மட்டும் பதில் தராது. சாலிடர் சரியில்லை என்று எண்ணிப் பலகையைச் சூடாக்குவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

சாதனம் செயலியின் கவனத்தை ஈர்க்க அனுப்பும் இன்டரப்ட் குறிப்பின் எண்ணிலும் இதே வகைப் பொறி இருக்கிறது. ஏஆர்எம் நிறுவனத்தின் ஜிஐசி இன்டரப்ட் கட்டுப்படுத்தியில், சாதனங்கள் பொதுவில் பயன்படுத்தும் இன்டரப்டுகள் 32 என்ற எண்ணிலிருந்து தொடங்குகின்றன, டிவைஸ் ட்ரீயில் அந்த 32ஐக் கழித்தே எழுத வேண்டும். கையேட்டில் 72 என்றிருந்தால் கோப்பில் 40. கையேடுகள் சில கழித்த எண்ணையே தருகின்றன என்பதால், தெரிந்த ஒரு சாதனத்தின் எண்ணை ஏற்கெனவே மெயின்லைனில் உள்ள கோப்புடன் ஒப்பிட்டு, உங்கள் கையேடு எந்த வகை என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு) கால் தாழ்நிலையில் இயங்குவதா, உயர்நிலையில் இயங்குவதா என்பதையும் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்தே எழுத வேண்டும். கோப்பில் தலைகீழாக எழுதி டிரைவருக்குள் மீண்டும் தலைகீழாக்கும் வழக்கம், இரண்டில் ஒன்றை வேறொருவர் திருத்தும் நாளில் வெடிக்கும்.

மின்வழங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உணரிக்கு மின் தரும் ரெகுலேட்டரைக் கோப்பில் எழுதிவிட்டு, அந்த உணரி அதை நம்பியிருக்கிறது என்ற தொடர்பை எழுத மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூட்லோடர் அதை ஏற்கெனவே இயக்கி வைத்திருப்பதால் தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே நடக்கும். எவரும் உரிமை கோராத ரெகுலேட்டர்களைக் கேர்னல், தான் எழுந்து ஏறத்தாழ 30 விநாடிகள் கழித்து அணைத்துவிடும். உணரி அரை நிமிடம் வேலை செய்துவிட்டு நின்றுபோவதன் காரணம் இதுவாக இருக்கலாம். பலரும் ‘எப்போதும் இயங்கட்டும்’ என்ற பண்பைச் சேர்த்து இதை மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், சூரியகலமும் பற்றரியும் கொண்டு ஓடும் பெட்டியில் தேவையில்லாத நேரத்திலும் மின் செலவாகும். தொங்கிப்போன மோடத்தை மின்னை நிறுத்தி மீண்டும் எழுப்பவும் முடியாது. சரியான தீர்வு, விடுபட்ட தொடர்பை எழுதுவதுதான். வோல்ற்றளவு வரம்பையும் பலகை தாங்கக்கூடிய அளவுக்கே எழுதுங்கள். ரெகுலேட்டர் சில்லு எவ்வளவு வரை தரும் என்ற தரவுத்தாள் வரம்பை அங்கே எழுதினால், 3.3 வோல்ற்றுக்கான சாதனத்துக்கு அதைவிட உயர்ந்த அளவு போவதற்குக் கதவு திறந்துவிடப்படுகிறது.

இவற்றில் ஒரு பகுதியைக் கருவிகளே பிடித்துத் தரும். பைண்டிங் ஆவணங்கள் இப்போது பெரும்பாலும் யாமல் என்ற உரை வடிவில் எழுதப்பட்ட ஸ்கீமாக்களாக (கருவிகள் வாசிக்கும் விதித் தொகுப்புகளாக) இருப்பதால், கேர்னலின் ‘டிடிபிஎஸ் செக்’ கட்டளை உங்கள் கோப்பை அவற்றுடன் ஒப்பிட்டுக் குறைகளைச் சொல்லும். எச்சரிக்கை வருகிறது என்பதற்காக ஸ்கீமாவைத் தளர்த்துவது மோசமான குறுக்குவழி. முதலில் வன்பொருளைப் பாருங்கள், பிறகு கோப்பைப் பாருங்கள், ஸ்கீமாவில் குறை இருக்கிறது என்ற முடிவுக்குக் கடைசியாக வாருங்கள்.

கோப்பைத் தனிப் பிரதியாக வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தவறுதான். 2023இல் வந்த கேர்னல் 6.5இல் 32 பிட் ஏஆர்எம் கோப்புகள் தயாரிப்பாளர் வாரியான அடைவுகளுக்கு நகர்த்தப்பட்டன. மெயின்லைனில் இருந்த கோப்புகள் தாமாகவே நகர்ந்தன. வெளியே இருந்தவற்றை அவரவரே சரிசெய்ய வேண்டியதாயிற்று. மெயின்லைனுக்கு அனுப்பும்போது பைண்டிங் மாற்றம், டிரைவர் மாற்றம், டிடிஎஸ் மாற்றம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பேட்ச்களாக (மாற்றக் கோப்புகளாக), பைண்டிங் முதலில் வரும்படி அனுப்புங்கள். ரொப் ஹெரிங், கிரிஸ்டோஃப் கோஸ்லொவ்ஸ்கி, கொனர் டூலி ஆகிய பைண்டிங் பராமரிப்பாளர்கள் கேட்கும் கேள்விகள் சுருக்கமாகவும் நேரடியாகவும் இருக்கும். அவை உங்கள் வன்பொருளைப் பற்றிய கேள்விகள், உங்களைப் பற்றியவை அல்ல. டிடிஎஸ் மாற்றத்தின் கமிட் செய்தியில், எந்தத் திருத்தப் பதிப்பு மின்சுற்று வரைபடத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் எந்தப் பலகையில் சோதித்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். பலகையின் அடுத்த பதிப்பில் ஒரு கால் இடம் மாறும்போது, கோப்பு எந்தப் பதிப்பைச் சொல்கிறது என்பதைக் கண்டறிய அந்தக் குறிப்பே உதவும்.