மே குஸ்தா: ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதை ஸ்பானிஷில் சொல்வது எப்படி

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் தமிழர்களில் பலரும் ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். ‘ஐ லைக் காஃபி’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு ‘யோ குஸ்தோ கஃபே’ என்கிறார்கள். மூன்றே சொல், மூன்றும் தவறு. ‘யோ’ என்றால் நான்; அது இங்கே வரக்கூடாது. ‘குஸ்தோ’ என்ற வினை வடிவமும் இங்கே பொருந்தாது. கஃபேவுக்கு முன்னால் ஆங்கில ‘தி’ போன்ற ‘எல்’ விட்டுப்போயிருக்கிறது.

ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்றே யோசியுங்கள். தமிழில் பிடித்தம் என்பது நான் செய்கிற வேலை அல்ல, எனக்கு நேர்கிற ஒன்று. ஸ்பானிஷும் அப்படியேதான் நினைக்கிறது: மே குஸ்தா எல் கஃபே. ‘மே’ என்றால் எனக்கு. ‘குஸ்தா’ பிடிக்கும். ‘எல் கஃபே’ காப்பி. நான்காம் வேற்றுமையை ஆங்கிலேயருக்கு விளக்கவே வகுப்பில் ஒரு வாரம் போகும். நமக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து.

உச்சரிப்பைப் பற்றி இரண்டு வரி. ‘மே குஸ்தா’வில் வரும் ‘கு’வை ‘மகுடம்’ என்பதில் வரும் ‘கு’ போல மென்மையாகச் சொல்லுங்கள். ‘தா’ நம் தகரமேதான். ‘டா’ ஆக்கினால் ஆங்கில வாடை அடிக்கும். அழுத்தம் ‘குஸ்’ மேல் விழ வேண்டும், கடைசி நெடிலை இழுக்கக் கூடாது.

‘எனக்கு’ என்ற இடத்தில் வரும் சொற்கள் ஆறுதான். மே – எனக்கு. தே – உனக்கு. லே – அவனுக்கு, அவளுக்கு, மரியாதையாகப் பேசும் ஒருவருக்கு ‘உங்களுக்கு’. நோஸ் – நமக்கு, எங்களுக்கு இரண்டும். ஓஸ் – ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தைப் பார்த்து ‘உங்களுக்கு’. லேஸ் – அவர்களுக்கு. லத்தீன் அமெரிக்காவில் ‘ஓஸ்’ கிடையாது, பலரைப் பார்த்துப் பேச அங்கே ‘லேஸ்’தான். பிடிக்காது என்றால் இந்தச் சொல்லுக்குச் சரியாக முன்னால் ‘நோ’: நோ மே குஸ்தா எல் கஃபே.

இதுவரை தமிழ் கைகொடுத்தது. இனி தமிழே காலை வாரிவிடும் இடங்கள். பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன.

முதலாவது, பன்மை. ஒரு நாயோ பத்து நாயோ, நமக்குப் ‘பிடிக்கும்’ மாறுவதில்லை. ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அதைப் பின்பற்றும். மே குஸ்தா எல் மாங்கோ – பொதுவாக மாம்பழம் என்ற பழம். மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ் – மாம்பழங்கள். (‘மாங்கோ’ நம் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் கைப்பட்டு மேற்கே போன சொல்தான்.) எத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்பது கணக்கில் வராது. ‘நோஸ் குஸ்தான் எல் கஃபே’ என்று சொல்லிவிட்டு, ‘எங்களுக்கு’ பன்மைதானே என்று வாதாடுபவர்கள் உண்டு. காப்பி ஒன்று, ஆகவே ‘குஸ்தா’: நோஸ் குஸ்தா எல் கஃபே. பிடித்தது ஒரு செயல் என்றால் எத்தனை செயலை அடுக்கினாலும் ஒருமைதான்: மே குஸ்தா கான்தார் இ பைலார், எனக்குப் பாடவும் ஆடவும் பிடிக்கும்.

இரண்டாவது, பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறும் ‘எல், லா, லோஸ், லாஸ்’. தமிழில் இப்படி ஒரு சொல் இல்லாததால் நாக்கு அதைத் தானாக விழுங்கிவிடும். ‘மே குஸ்தா கஃபே’ என்றால் புரியும், ஆனால் காதில் இடறும். இதற்கு ஒரே மருந்து, பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் இருப்பது. ‘லெச்சே’ அல்ல, ‘லா லெச்சே’ என்றே பாலைப் படியுங்கள்.

மூன்றாவது, இரட்டிப்பு. ‘என் தங்கைக்கு டீ பிடிக்கும்’ என்பதில் ‘-க்கு’ ஒருமுறைதான் வருகிறது. ஸ்பானிஷில் இருமுறை வர வேண்டும்: ஆ மி எர்மானா லே குஸ்தா எல் தே. ‘ஆ மி எர்மானா’ என் தங்கைக்கு, அதன் பிறகும் ‘லே’, அதாவது அவளுக்கு. பெயரைத்தான் சொல்லியாயிற்றே என்று ‘லே’வை விட்டால் வாக்கியம் நொண்டும். அதே ‘ஆ’ அழுத்தம் கொடுக்கவும் பயன்படும்: ஆ மீ மே குஸ்தா – எனக்கு என்னவோ பிடிக்கும்.

நான்காவது சின்னது. ‘காப்பி பிடிக்குமா?’ என்றால் ‘ம், பிடிக்கும்’ என்று ‘எனக்கு’ இல்லாமலே சொல்லிவிடுகிறோம். ஸ்பானிஷில் பொருளை விடலாம், ஆளை விட முடியாது. ‘சி, மே குஸ்தா’ சரி, ‘சி, குஸ்தா’ தவறு. ‘அது’ என்பதற்காக நடுவில் ‘லோ’வைச் செருகி ‘மே லோ குஸ்தா’ என்பதும் தவறு.

இனி அளவு. ‘ரொம்ப நல்லது’, ‘ரொம்பப் பிடிக்கும்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘ரொம்ப’. அங்கே இரண்டு சொல். நல்லது, அழகு போன்ற பண்புச் சொல்லுக்கு முன்னால் ‘முய்’. வினைக்குப் பின்னால் ‘முச்சோ’. எனவே மே குஸ்தா முச்சோ. இன்னும் ஏற்ற வேண்டுமானால் முச்சீசிமோ. துளிகூடப் பிடிக்காது என்றால் நோ மே குஸ்தா நாதா. உயிர் என்கிற அளவுக்குப் பிடித்தால் மே என்கான்தா. அதிலேயே ‘ரொம்ப’ அடங்கிவிட்டது, மேலே ‘முச்சோ’ சேர்க்கக் கூடாது. பன்மைக்கு இதுவும் ‘என்கான்தான்’ ஆகும்.

ஒருவர் சொன்னதை ஒத்துக்கொள்ள ‘எனக்கும்தான்’: ஆ மீ தம்பியேன். தம்பியைக் கூப்பிடுவது போலவே தொடங்கினால் போதும், அழுத்தம் மட்டும் கடைசியில். ‘யோ தம்பியேன்’ என்பது ‘நானும்’, இங்கே ஒட்டாது. ஆனால் எதிர்மறையில் நம் ‘-உம்’ கைவிடும். ஒருவர் பிடிக்காது என்று சொன்னபின் ‘எனக்கும் பிடிக்காது’ என்பதற்கு ஆ மீ தம்போகோ. (இதில் ‘போ’, போர் என்பதில் வருவது போல வல்லினமாக ஒலிக்க வேண்டும்.) அவருக்குப் பிடித்து உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ‘ஆ மீ நோ’, தலைகீழானால் ‘ஆ மீ சி’.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல இரு வழி. எளியது, நம் ‘விட’ போன்றது: மே குஸ்தா மாஸ் எல் தே கே எல் கஃபே, காப்பியைவிட டீ அதிகம் பிடிக்கும். மற்றது ‘பிரெஃபெரீர்’ என்ற வினை. இங்கே சட்டம் புரண்டுவிடும். விரும்புகிற ஆளே எழுவாய். பிரெஃபியேரோ, பிரெஃபியேரெஸ், பிரெஃபியேரே, பிரெஃபெரீமோஸ், பிரெஃபெரீஸ், பிரெஃபியேரென். ‘நாம்’, ஸ்பெயினின் ‘நீங்கள்’ இரண்டில் மட்டும் ‘யே’ வராது. ஒப்பிடும்போது ‘கே’ போடாமல் ‘ஆ’ போட வேண்டும், ‘எல்’லோடு சேர்ந்தால் ‘அல்’: பிரெஃபியேரோ எல் தே அல் கஃபே. ‘மே பிரெஃபியேரோ’ என்று பழக்கதோஷத்தில் ‘மே’ ஒட்டிக்கொள்ளும், உதறிவிடுங்கள். குஸ்தாவில் நுழைய முடியாத ‘லோ’வுக்கு இங்கே இடம் உண்டு: லோ பிரெஃபியேரோ, அதையே விரும்புகிறேன்.

இந்த வினையை ஓட்டிப் பார்க்க ஸ்பெயினில் ஓயாத வழக்கு ஒன்று இருக்கிறது. முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட ‘தோர்த்தியா’வில் வெங்காயம் சேரலாமா கூடாதா? ‘கோன் செபோயா ஓ சின் செபோயா?’ – வெங்காயத்தோடா, இல்லாமலா? ‘லா பிரெஃபியேரோ கோன் செபோயா’ (தோர்த்தியா பெண்பால், அதனால் ‘லோ’ அல்ல, ‘லா’) என்று ஒரு பக்கம் சாய்ந்தால் பேச்சு நீளும், பயிற்சி இலவசம். மெக்சிகோவில் தோர்த்தியா என்றால் மெல்லிய ரொட்டி. அங்கே இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது கவனம் அதிகம் தேவை. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பதை நேராகப் பெயர்த்தால் ‘மே குஸ்தாஸ்’. நம் ‘உன்னை’ அங்கே ‘நீ’ ஆகிவிடுவதால் வினையில் ‘ஸ்’ ஏறுகிறது. இலக்கணம் சரி, ஆனால் பொருள் ஈர்ப்பு. கூட வேலை செய்பவரிடம் நட்பாகச் சொல்ல ‘மே காயெஸ் பியேன்’. மூன்றாம் ஆளைப் பற்றி ‘மே காயே பியேன்’. ஆகாது என்றால் ‘மே காயே மால்’. ‘தே கியேரோ’ நேசம். அம்மாவிடமும் சொல்லலாம், காதலியிடமும் சொல்லலாம்.

சாப்பிட்டு முடித்ததும் ‘தே குஸ்தோ?’ என்று கேட்பார்கள். ‘பிடிச்சிருந்ததா?’ என்பதுதான் அது. மே குஸ்தோ முச்சோ என்று பதில் சொல்லலாம், அழுத்தம் ‘தோ’வில். பல பொருளாக இருந்தால் மே குஸ்தாரோன். ஸ்பெயினில் சற்றுமுன் நடந்ததற்கு ‘மே ஆ குஸ்தாதோ’ அதிகம் கேட்கும். நம் ‘பிடிச்சிருக்கு’ போல. சின்ன வயதில் பிடிக்கும் என்பதற்கு மே குஸ்தாபா. ஆசையைப் பணிவாகச் சொல்ல மே குஸ்தாரீயா: மே குஸ்தாரீயா ப்ரொபார் எஸ்தோ, இதை ருசித்துப் பார்க்க ஆசை.

‘நீ பாடினால் எனக்குப் பிடிக்கும்’ என்று இன்னொருவர் செயலைச் சொன்னால் ‘கே’ போட்டு வினையின் உயிரெழுத்தை மாற்ற வேண்டும். கான்தாஸ் அங்கே கான்தேஸ் ஆகும்: மே குஸ்தா கே கான்தேஸ். முதல் மாதத்தில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பயிற்சிக்கு ஒரு தாளில் ஐந்து ஒருமைப் பொருள், ஐந்து பன்மைப் பொருள், ஐந்து செயல் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எனக்கு, என் தங்கைக்கு, எங்களுக்கு என்று மூன்று ஆளுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மொத்தம் 45 வாக்கியம், கால் மணி நேரம் ஆகும். சொல்லுமுன் இரண்டே கேள்வி: யாருக்கு? பிடித்தது ஒன்றா பலவா? இந்த வரிசை பழகிவிட்டால் வலி (மே துவேலே லா கபேசா, எனக்குத் தலை வலிக்கிறது), ஆர்வம் (மே இன்தெரேசா) எல்லாம் அதே அச்சில் விழும்.

கொலம்பியாவில் யாராவது ‘தே ப்ரொபோகா உன் தின்தோ?’ என்று கேட்டால் அதுவும் இந்தக் குடும்பம்தான்: ஒரு கடுங்காப்பி குடிக்கிறாயா? ஸ்பெயினில் இதே ‘தின்தோ’ சிவப்பு ஒயின்.