‘பிரேக் பிடிக்கலை சார்’ என்று சொன்னால் தப்பிக்கலாமா?

விபத்து நடந்த இடத்தில் வண்டி ஓட்டியவர் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான்: “பிரேக் பிடிக்கலை சார்.” தப்பு வண்டியுடையது, என்னுடையது இல்லை என்ற நினைப்பு. ஆனால் வண்டிக்கென்று தனியாகத் தப்பு எதுவும் சட்டத்தில் கிடையாது. அதைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்றுதான் கேட்பார்கள்.

1977-ல் ஒரு லாரி விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இயந்திரக் கோளாறுதான் காரணம் என்றால், வழக்கமான கவனத்தோடு பார்த்திருந்தாலும் அந்தக் கோளாறு கண்ணில் பட்டிருக்காது என்பதை வண்டி உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். அதாவது ‘பிரேக் ஃபெயிலியர்’ என்று வாயைத் திறந்தால், அதுவரை செய்த சர்வீஸுக்கெல்லாம் பில் எடுத்து வைக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. பில் இல்லாதவர் தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிறார்.

டயருக்கும் இதே கதைதான். 2010-ல் புனேயிலிருந்து மும்பைக்குப் போன காரின் பின் டயர் வெடித்து, வண்டி பள்ளத்தில் விழுந்து, உள்ளே இருந்த ஒருவர் இறந்துபோனார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஒன்றேகால் கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. டயர் வெடித்தது கடவுள் செயல் என்று வாதாடிப் பார்த்தது காப்பீட்டு நிறுவனம். 2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காற்று குறைவு, காற்று அதிகம், அதிவேகம், பழைய டயர் என்று மனிதர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரணங்கள்தான் அதற்குப் பின்னால் இருக்கும் என்றது.

டயரின் பட்டன் (சாலையில் படும் புடைப்பு ரப்பர்) தேய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் குறுக்காகச் சின்ன மேடு ஒன்று இருக்கும். ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மி.மீ.தான் மிச்சம், மாற்றியே ஆக வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் டயர் செய்த தேதி: 1419 என்றால் 2019-ன் 14-வது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று வயதைப் பார்க்காமல் விடுவதும் ஒரு தவறு.

பிரேக்குக்கு வருவோம். பிரேக் பேடை மட்டும் மாற்றிவிட்டு பிரேக் ஆயிலை ஆண்டுக்கணக்கில் அப்படியே விடுவது நம் ஊரில் சகஜம். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி பெடல் பஞ்சாக அமுங்கும். அதனால் விபத்து நடந்தால், மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளரை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம்) வந்து மிதித்துப் பார்க்கும்போது ஆறிப்போய் நன்றாகவே பிடிக்கும். ‘இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கோளாறு இருக்கிறது என்று எழுதினாலும் உங்களுக்கு லாபமில்லை, 1977 தீர்ப்பு காத்திருக்கிறது. போதாததற்கு மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவு வேறு: தெரிந்த கோளாறோ, கொஞ்சம் கவனித்தால் தெரிந்திருக்கும் கோளாறோ உள்ள வண்டியால் யாராவது காயப்பட்டால், மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவருக்கு மட்டுமில்லை, ஓட்டவிட்டவருக்கும்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கிறதே என்பார்கள் வாடகை வண்டிக்காரர்கள். எஃப்.சி. அன்றைய நிலையைத்தான் சொல்லும். வெள்ளை போர்டு காருக்கோ முதல் 15 வருடம் அந்தச் சோதனையும் கிடையாது.

சரி, பணம் யார் கொடுப்பது? அடிபட்டவர் மூன்றாம் நபர் என்றால், வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று சொல்லி காப்பீட்டு நிறுவனம் அவருக்குக் கையை விரிக்க முடியாது. சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கும்போது கதை வேறு. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது பாலிசியிலேயே ஒரு நிபந்தனை. தேய்மானத்துக்குப் பணம் கிடையாது.

காரை விற்று, பணத்தை வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யைப் பெயர் மாற்றாமல் விடுவதைப் போல ஒரு முட்டாள்தனம் இல்லை. வாங்கியவர் மொட்டை டயரோடு ஓட்டி யாரையாவது இடித்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது. பொறுப்பு முதல் ஆள் தலையில்தான் விழுந்தது.

அடிபட்டவர்கள் செய்யும் தவறு, ஓட்டுநரை மட்டும் துரத்துவது. உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்த்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். 2019 திருத்தம் வைத்த கெடு அது. வெடித்த டயரையும் வண்டியையும் ஆய்வு முடிவதற்குள் யாரும் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

மெக்கானிக் மேல் பழி போட முடியாதா? போடலாம். வேலையை அரைகுறையாகச் செய்திருந்தால் இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே பேசப்போவது ஜாப் கார்டு, அதாவது வண்டியில் என்ன வேலை செய்தார்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதித் தரும் தாள். என் பழைய ஜாப் கார்டு ஒன்று கையிலிருக்கிறது. “முன் பேட் தேஞ்சுடுச்சு சார், மாத்திடலாமா?” என்று கேட்ட பையனிடம், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், ‘முன் பிரேக் பேட்: வாடிக்கையாளர் மாற்ற விரும்பவில்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே என் கையெழுத்து. மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.